கார் துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி: ஜிஎஸ்எம் கூடினால் நல்லதா?

கேள்வி, 2024 ஜூன் 8

"கறுப்பு நிறத்தில் புது வண்டி எடுத்திருக்கிறேன். ஆன்லைனில் 340, 600, 800, 1200 ஜிஎஸ்எம் என்று விதவிதமாக மைக்ரோஃபைபர் துணி விற்கிறார்கள். எண் கூடக்கூடத் துணி மெத்தென்று இருக்கும், மெத்தென்று இருந்தால் பெயின்ட் கீறாது. அதனால் 1200 ஜிஎஸ்எம்மில் இரண்டு வாங்கிவிட்டால் கழுவ, ஈரம் துடைக்க, பாலிஷ் எடுக்க, கண்ணாடிக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறேன். சரிதானே?"

ஜூன் 8, இரவு

இல்லை. அந்த 1200-ஐ ஈரம் எடுக்க மட்டும் வாங்குங்கள், மற்ற எந்த வேலைக்கும் அது ஒத்துவராது.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். அவ்வளவுதான். நூல் எவ்வளவு நுண்ணியது, ஓரம் எப்படித் தைத்தது, துணி உண்மையில் மென்மையா என்பதையெல்லாம் அது சொல்லாது. கனமான துணி தண்ணீரை நிறையக் குடிக்கும், எனவே கழுவி முடித்த வண்டிக்கு அது அருமை. அதே துணியால் காய்ந்த வாக்ஸை எடுத்துப் பாருங்கள். நீளமான இழைகள் வாக்ஸைப் பிடித்து வாராமல் மேலேயே வழுக்கிப் போகும், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருப்பீர்கள். கண்ணாடியில் இன்னும் மோசம், எதிர் வண்டி வெளிச்சம் பட்டால் மங்கலாக ஒரு படலம் தெரியும்.

நான் வாங்கும் கணக்கு இது. பாலிஷ், வாக்ஸ், காம்பவுண்ட் (கீறலைத் தேய்த்து மறைக்கும் பசை) எடுக்க 300 முதல் 400 வரை, இழை குட்டையாக இருக்க வேண்டும். கடைசியாக ஸ்ப்ரே அடித்து மினுக்க 500 பக்கம், ஒரு பக்கமாவது நீள இழை. ஈரத்துக்கு 600-க்கு மேலே, முறுக்கு இழை போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது. கண்ணாடிக்கு வாஃபிள் நெசவு, அதாவது கட்டம் கட்டமாகப் பள்ளம் விழுந்தது. எஞ்சின், வீல், கதவிடுக்குக்கு இருப்பதிலேயே மலிவான துணி.

ஜூன் 9

காலையில் எழுந்ததும் இன்னொன்று தோன்றியது. எண்ணைப் பற்றி அவ்வளவு பேசினோமே, பாக்கெட்டில் போட்ட எண் உண்மைதானா என்று யாரும் பார்ப்பதில்லை. வீட்டில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு இருந்தால் போதும். 40-க்கு 40 சென்டிமீட்டர் துணி என்றால் பரப்பு 0.16 சதுர மீட்டர். 400 ஜிஎஸ்எம் என்றால் 64 கிராம் வர வேண்டும். 800 என்றால் 128 கிராம். 40-க்கு 60 துணி 800 என்றால் 192 கிராம். ஓரத்தில் பட்டை தைத்திருந்தால் சில கிராம் கூடும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

"800 ஜிஎஸ்எம்" என்று பெரிய எழுத்தில் போட்டு வந்த ஒரு பாக்கெட்டைப் பிரித்துத் தராசில் வைத்தேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. விற்றவரிடம் கேட்டதற்கு, இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டது என்று பதில் வந்தது. துணிக்கு இரண்டு பக்கம் இருக்கலாம், எடை ஒன்றுதான். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம். நல்ல 400 துணியை 400 என்றே சொல்லி விற்றால் நானே வாங்கியிருப்பேன்.

துவைப்பதற்கு முன், நன்றாகக் காய்ந்த நிலையில் நிறுங்கள். மழைநாளில் ஈரக்காற்றில் கிடந்த துணி சற்றுக் கூடுதலாகக் காட்டும்.

ஜூன் 11

80/20, 70/30 என்றால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதல் எண் பாலியஸ்டர், இரண்டாவது பாலிஅமைடு, நைலான் குடும்பம். 70/30 கொரியத் துணிகளில் அதிகம் பார்க்கலாம், விலையும் கூடுதல். 80/20 தான் சந்தையில் பெரும்பாலும் கிடைப்பது.

அந்த விகிதத்தைவிட முக்கியம், இழை பிளந்திருக்கிறதா என்பது. ஆலையில் பாலியஸ்டரையும் பாலிஅமைடையும் ஒரே இழையாக இழுக்கிறார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் நட்சத்திரம் போல் ஒன்று, அதன் கைகளுக்கு நடுவே முக்கோணத் துண்டுகள். துணியாகப் பின்னிய பிறகு காரக் கரைசலில் போட்டோ, அழுத்தமான நீர்ப்பீச்சலாலோ அந்தத் துண்டுகளைப் பிரிக்கிறார்கள். ஒரு இழை பல மெல்லிய இழைகளாகும், அவற்றுக்கு நடுவே நுண்ணிய இடுக்குகள் உண்டாகும். தண்ணீரும் எண்ணெயும் தூசியும் போய் உட்காருவது அந்த இடுக்குகளில்தான். பிளக்காமல் விட்டால் அது வெறும் மெல்லிய பாலியஸ்டர் துணி, பெயர் மட்டும் மைக்ரோஃபைபர். ஒரு டெனியருக்கும் குறைவான இழைக்கெல்லாம் அந்தப் பெயர் பொருந்தும், 9000 மீட்டர் நீள இழை ஒரு கிராமுக்குள் நின்றால் சரி. பெயருக்குப் பிளப்பு கட்டாயமில்லை, வண்டி துடைக்கக் கட்டாயம்.

ஜூன் 11, சற்று நேரம் கழித்து

இதன் வரலாறு கார்க்காரர்களுக்குச் சம்பந்தமில்லாதது, ஆனாலும் சொல்கிறேன். ஜப்பானின் டோரே நிறுவனம் 1970-இல் அல்ட்ராசூட் என்ற செயற்கை மெல்தோல் துணியைக் கொண்டுவந்தது. மிக நுண்ணிய இழையை இழுத்துக் காட்டிய ஆரம்பகாலப் பொருட்களில் அது முக்கியமானது. முதலில் கோட்டு, கைப்பை, சோபா. துடைக்கும் துணியாக வீடுகளுக்குள் வந்தது பிற்பாடு.

ஜூன் 15

பிளந்த இழையா என்று கடையிலேயே பார்க்க வழி இருக்கிறதா என்ற கேள்விக்கு.

முதல் சோதனை கை. உள்ளங்கை வறண்டிருக்கும்போது துணியின் மேல் மெதுவாக இழுங்கள். தோலின் சொரசொரப்பை இழைகள் பற்றிக்கொள்ளும், லேசாக ஒட்டுவது போல் ஒரு கூச்சம் வரும். சிலருக்கு அந்த உணர்வே பிடிக்காது, அது நல்ல அடையாளம். வழவழவென்று சறுக்கிக்கொண்டு போனால் பிளக்காத இழையாக இருக்க வாய்ப்பு அதிகம், அல்லது ஆலையில் போட்ட பூச்சு இன்னும் போகவில்லை. இரண்டாவதைத் தீர்க்க ஒருமுறை துவைத்துவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

இரண்டாவது, தண்ணீர். கிரானைட் மேடையில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுத் துணியைத் தட்டையாக வைத்து அழுத்தாமல் இழுங்கள். நல்ல துணி போன வழியில் தரை காய்ந்திருக்கும். மட்டமான துணி தண்ணீரைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே போகும்.

பழைய சிடியின் பின்பக்கத்தில் அழுத்தித் தேய்த்து, விளக்கில் சாய்த்துப் பார்ப்பது மூன்றாவது. சிடி பாலிகார்பனேட், சுலபமாகக் கீறும். அதில் கோடு போடாத துணியைப் பெயின்ட்டில் வைக்க எனக்குத் தயக்கமில்லை. ஓரத் தையலையும் தனியாகத் தேய்த்துப் பாருங்கள், பல துணிகள் நடுவில் தேறி ஓரத்தில் தோற்கும்.

நூலைக் கொளுத்திப் பார்ப்பதைப் பற்றியும் கேட்டீர்கள். உருகினால் செயற்கை, சாம்பலானால் பருத்தி. பிளந்ததா இல்லையா என்பது நெருப்புக்குத் தெரியாது. வேண்டாம்.

ஜூன் 16

சிடி எங்கே கிடைக்கும் என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்! பரணில் தேடுங்கள். கல்யாண வீடியோ சிடியை மட்டும் எடுக்க வேண்டாம்.

ஜூன் 23

ஓரத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டும் என்று இருந்தேன்.

சாதாரணத் துணியில் ஓவர்லாக் தையல். நூல் பாலியஸ்டர், இறுக்கமாக இருக்கும், முடிச்சு விழும் மூலையில் கடினமான குமிழ் மாதிரி ஒன்று இருக்கும். விரலால் தடவினாலே தெரியும். வீலுக்கும் பம்பர் அடிப்பக்கத்துக்கும் பிரச்சினை இல்லை, கறுப்பு பானெட்டில் வேண்டாம். அடுத்தது பட்டை தைத்தது, சாட்டின் போல் மினுங்கும் நாடா சுற்றிவரும். பார்க்க அழகு, கையில் மென்மை, ஆனால் நாடாவுக்கு உள்ளே தையல் இருக்கிறது, மலிவான துணியில் சில துவைப்புக்குப் பிறகு நாடா சுருங்கித் துணி கிண்ணம் போல் வளைந்துகொள்ளும். மூன்றாவது ஓரமே இல்லாதது, அல்ட்ராசானிக் முறையில் வெட்டுவது. பெயின்ட்டுக்கு நான் இதைத்தான் வாங்குகிறேன். முதல் ஓரிரு துவைப்பில் ஓரத்திலிருந்து பஞ்சு உதிரும், அப்புறம் நின்றுவிடும். வெட்டும்போது ஓரம் உருகிக் கட்டிதட்டியிருந்தால் மட்டும் அதைத் திருப்பி அனுப்புங்கள், நகத்தால் கீறிப் பார்த்தால் பிளாஸ்டிக் போல் சத்தம் வரும்.

லேபிள் தைத்திருந்தால் முதல் வேலையாகப் பிரித்தெடுங்கள். கத்தரித்தால் அடிக்கட்டை நிற்கும், அது லேபிளைவிடக் கூர்மை. தையல் பிரிக்கும் ஊசியால் நூலை ஒவ்வொன்றாக எடுங்கள்.

ஜூலை 7

கேட்டவர் எழுதியிருக்கிறார்: "நல்ல துணி வாங்கிவிட்டேன், ஆனால் வண்டியில் ஏற்கெனவே சிலந்தி வலை போல் வட்ட வட்டமாகக் கோடு தெரிகிறது. ஷோரூமிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. துணியே தொடவில்லையே?"

நீங்கள் தொடவில்லை. காலையில் துடைக்கிறவர் தொட்டிருப்பார்.

சென்னையில் அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தெரியும். விடியற்காலை ஐந்தரைக்கு ஒருவர் வாளியோடு வருவார். ஒரு வாளித் தண்ணீர், ஒரு பழைய துணி, வரிசையாக வண்டிகள். எங்கள் வளாகத்தில் வரும் அண்ணனின் வாளியை ஒருநாள் கடைசி வண்டி முடிந்ததும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் சாம்பல் நிறம். கலங்கல் படிந்த பிறகு வாளியின் அடியில் விரல் விட்டால் மணல் நெரிந்தது, எம்-சாண்ட் லாரிகள் போகும் சாலையில் நிற்கும் வண்டிகள் எங்களுடையவை. அந்த மணல்தான் துணியில் ஏறி அடுத்த வண்டியின் பானெட்டில் வட்டம் போடுகிறது.

மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மையில் 7, கத்தி எஃகைவிடக் கடினம். பெயின்ட்டின் மேலே இருக்கும் கிளியர் கோட் ஒரு பிளாஸ்டிக் படலம், ஏறக்குறைய 40, 50 மைக்ரான். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. 340 ஆகட்டும் 1200 ஆகட்டும், துணிக்கும் பெயின்ட்டுக்கும் நடுவில் மணல் இருந்தால் கீறுவது மணல். கறுப்பு வண்டியில் வெயில் பட்டதும் தெரிகிறது, வெள்ளி நிற வண்டியிலும் அதே கோடுகள் இருக்கின்றன, கண்ணுக்குப் படுவதில்லை.

அதனால் துணி தேர்வு என்று நாம் பேசுவதில் பாதி, எந்தத் துணி அழுக்கைத் தனக்குள்ளே வாங்கிப் பெயின்ட்டிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளும் என்ற கேள்விதான். இழைக்கு நடுவே ஆழம் இருக்கும் துணி அதைச் செய்யும். தட்டையான ஷாம்மி செய்யாது. மஞ்சள் நிறத்தில் டப்பாவில் அடைத்து வருமே, அந்த பிவிஏ ஷாம்மி தண்ணீரை நன்றாக உறிஞ்சும், ஆனால் மணலுக்கு ஒளிய இடமே கிடையாது.

ஜூலை 8

அண்ணன்களைத் திட்டி இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வண்டிக்கு மாதம் சில நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, ஆபீஸ் போகிறவர்கள் இறங்கி வருவதற்குள் எல்லா வண்டியையும் முடிக்க வேண்டிய வேலை அது. துணி கொடுத்தது யார்? பெரும்பாலும் நாமே, கிழிந்த பனியனும் பழைய லுங்கியும். அவருக்கு நேரம் கூடாத மாதிரி ஒரு வழி சொல்லாமல், நல்ல துணியைக் கையில் திணித்து "இதில் துடைங்க" என்றால் அதுவும் அதே வாளிக்குள்தான் போகும்.

ஜூலை 21

வழியைச் சொல்கிறேன், எங்கள் வளாகத்தில் இப்போது இப்படித்தான் நடக்கிறது.

தண்ணீர் ஊற்றி அலசத் தேவையில்லாத கழுவும் திரவங்கள் இருக்கின்றன, ரின்ஸ்லெஸ் வாஷ் என்பார்கள். ஆப்டிமம் நோ ரின்ஸ் அதில் பழகிய பெயர், ஒரு பங்குக்கு 256 பங்கு தண்ணீர், அதாவது 4 லிட்டருக்கு ஏறக்குறைய 15 மில்லி. அதில் நாலைந்து மைக்ரோஃபைபர் துணியை மொத்தமாக ஊறப் போட வேண்டும். ஒன்றை எடுத்து லேசாகப் பிழிந்து, நாலாக மடித்தால் கைக்கு அடக்கமாக எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் ஒரு பகுதி. பானெட் பாதி முடிந்ததும் மடிப்பைத் திருப்பு. எட்டும் முடிந்தால் துணி அழுக்குக் கூடைக்குப் போகும், வாளிக்குத் திரும்பவே கூடாது. கேரி டீன் முறை என்று டீடெய்லிங்காரர்கள், அதாவது வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து மெருகேற்றுபவர்கள், இதைச் சொல்வார்கள். வாளித் தண்ணீர் கடைசி வரை தெளிவாக இருக்கும், அதுதான் இதில் உயிர்.

அண்ணனிடம் முதலில் காட்டியபோது, "சார், துணியைத் திருப்பித் திருப்பி வைக்கிறதுக்கு நேரம் எங்க?" என்றார். பிழியும் நேரம் மிச்சமாகிறது என்று அவரே இரண்டாவது வாரம் சொன்னார். அழுக்குத் துணியை யார் துவைப்பது என்பதுதான் சிக்கலாக இருந்தது. வண்டிக்காரர்கள் ஆளுக்கு ஒரு கட்டு துணி வாங்கி, தங்கள் வீட்டு மெஷினில் துவைத்து, பெயர் எழுதிய பையில் கதவருகே மாட்டிவிடுவது என்று முடிவானது. எல்லோரும் சேரவில்லை. சேர்ந்தவர்களின் வண்டியில் புதுக் கோடு விழுவது கண்கூடாகக் குறைந்திருக்கிறது.

2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு நின்றோமே, அப்போது ஹோஸ் வைத்து வண்டி கழுவுவதைப் பல வளாகங்கள் நிறுத்தின. அந்த வழக்கம் திரும்பாமல் இருக்க இது ஒரு நல்ல காரணம்.

சேறு அப்பிய வண்டிக்கு மட்டும் இது கூடாது. முதலில் தண்ணீர் பீய்ச்சிச் சேற்றை இறக்குங்கள், தொடாமல்.

ஆகஸ்ட் 4

திருப்பூரிலிருந்து ஒருவர்: "பனியன் வேஸ்ட்டில்தான் தமிழ்நாட்டு மெக்கானிக் ஷெட் எல்லாமே ஓடுகிறது, பருத்தியைவிட மென்மை எது?" நியாயமான கேள்வி. கிரீஸ், ஆயில், டிப்ஸ்டிக், கை துடைக்க பனியன் வேஸ்ட்டை அடிக்க ஆளில்லை, மைக்ரோஃபைபரை அதற்கு வீணாக்காதீர்கள். பெயின்ட்டுக்கு வரும்போது மூன்று சங்கடம். வெட்டுத்துண்டில் ஓவர்லாக் தையலும் சில சமயம் பிரிண்ட் பிசினும் இருக்கும். மூட்டையாகத் தரையில் கிடந்து வந்திருக்கும். பின்னல் தட்டை, மணலுக்கு இடம் கொடுக்காது. சுத்தமான புதுப் பனியன் துணியால் சுத்தமான பெயின்ட்டில் வாக்ஸ் எடுக்கலாம், முன்பெல்லாம் அப்படித்தான் எடுத்தோம். பஞ்சு விடும், அவ்வளவுதான் குறை.

ஆகஸ்ட் 5

அதே நண்பருக்கு: பருத்தி உறிஞ்சும் வேகமும் வேறு. பருத்தியில் தண்ணீர் நூலுக்குள்ளேயே ஊறுகிறது. மைக்ரோஃபைபரில் இழைகளுக்கு நடுவே நிற்கிறது, அதனால்தான் பிழிந்ததும் திரும்ப உறிஞ்சத் தயாராகிவிடுகிறது.

செப்டம்பர் 1

துவைப்பது. நல்ல துணி வாங்கிய பலர் அதைக் கெடுத்துக்கொள்வது இங்கேதான், அதனால் பொறுமையாகப் படியுங்கள்.

கண்டிஷனர் ஊற்றாதீர்கள். துணி கமகமவென்று இருக்க ஊற்றும் அந்தத் திரவம் இழையைச் சுற்றி எண்ணெய்ப் படலம் போல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிளந்த இழையும் பிளக்காத இழையும் ஒன்றுதான், தண்ணீரைத் தள்ளும், கண்ணாடியில் பூசும்.

போர் தண்ணீர் வீடுகளில் பவுடர் வேண்டாம், லிக்விட் போடுங்கள். பெரும்பாலான பவுடரில் சோடா சாம்பல் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு அது சேர்ந்து சுண்ணாம்பாகப் படியும். வீட்டுத் துண்டு நாளாக நாளாக மொறமொறவென்று விறைப்பதற்கு அதுவும் ஒரு காரணம், மைக்ரோஃபைபரின் இடுக்குகளில் அது உட்கார்ந்தால் உங்கள் கையில் இருப்பது உப்புத்தாள். விறைத்த துணியைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை, வெள்ளை வினிகர் அரை டம்ளர் கலந்த தண்ணீரில் அரைமணி ஊறவைத்து அலசுங்கள். சுண்ணாம்பு கரையும். என்னிடம் பாதிக்கு மேல் இப்படி மீண்டிருக்கிறது. மீளாததை வீலுக்கு மாற்றிவிடுங்கள்.

பருத்தியோடு போடக் கூடாது. ஒரே ஒரு டர்க்கி டவல் போதும், அதன் பஞ்சு முழுவதையும் இந்தத் துணி வாரிக்கொள்ளும், அடுத்த மாதம் வரை கறுப்பு வண்டியில் வெள்ளைப் பஞ்சு பொறுக்கலாம். பெயின்ட் துணி தனி, வீல் துணி தனி. பிரேக் தூசியில் இரும்புத் துகள் இருக்கிறது.

சூடு: 40 டிகிரிக்குள். டிரையர் இருந்தால் குறைந்த சூட்டில். இஸ்திரி தொடவே கூடாது, இழை நுனிகள் உருகிக் குட்டிக் குட்டி உருண்டைகளாகும், கண்ணுக்குத் தெரியாது, கன்னத்தில் வைத்தால் தெரியும்.

செப்டம்பர் 3

மொட்டைமாடியில் காயப் போடுவதைச் சொல்ல விட்டுப்போனது என்று நினைவூட்டிய அம்மாவுக்கு நன்றி. நீங்கள் சொல்வது முழுக்கச் சரி, தெருத்தூசி எல்லாம் ஈரத்துணியில் வந்து ஒட்டும். பால்கனி நிழலில், உள்பக்கக் கொடியில் போடுங்கள். காய்ந்ததும் உடனே எடுத்து மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். டிக்கியில் திறந்து கிடக்கும் துணியைவிட, மலிவான துணி மூடிய டப்பாவில் இருந்தால் அதுவே மேல்.

கீழே விழுந்த துணியைத் தட்டிவிட்டுத் தொடர வேண்டாம். போன வாரம் ஒன்று கை நழுவிப் பார்க்கிங் தரையில் விழுந்தது, எடுத்து போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். இழைகளின் அடிவாரத்தில் மூன்று நாலு மணல் பொடி மினுங்கியது, உதறினேன், அப்படியே இருந்தது, விரல்நகத்தால் நெம்பித்தான் வந்தது. அந்தப் பிடிப்புக்காகத்தான் இந்தத் துணியை வாங்குகிறோம், அதனாலேயே கீழே விழுந்த துணியை நம்பவும் முடியாது.

அக்டோபர் 12

நேற்று ஆயுத பூஜை. இன்று எல்லா வண்டியிலும் காய்ந்த சந்தனம், குங்குமம், எலுமிச்சை.

தயவுசெய்து உலர்ந்த துணியால் அதைத் தேய்க்காதீர்கள். காய்ந்த சந்தனம் பொடிப் பொடியாக உதிரும், கடையில் வாங்கும் சந்தனத் தூளில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஈரத்துணியைப் பொட்டின் மேல் இரண்டு மூன்று நிமிடம் போட்டு வையுங்கள், இளகும், அப்புறம் வழித்து எடுங்கள், தேய்க்க வேண்டாம். குங்குமம் வெள்ளை வண்டியில் நாள்பட்டால் ரோஜா நிறத்தில் தடம் விடும், அதனால் ஓரிரு நாளுக்குள் எடுப்பது நல்லது. இந்த வேலைக்கு வீல் துணிக்குக் கொஞ்சம் மேலான ஒன்றை எடுங்கள், துணியில் ஏறிய குங்குமக் கறை போகாது. விபூதிப் பட்டை போட்டிருந்தால் அதுவும் இதே மாதிரிதான், முதலில் ஈரம்.

வீட்டில் பெரியவர்கள் மறுநாளே துடைக்க விடமாட்டார்கள் என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். அடுத்த முறை பொட்டை நம்பர் பிளேட்டிலும் கண்ணாடியிலும் வைக்கச் சொல்லிப் பாருங்கள். எங்கள் வீட்டில் அத்தை ஒப்புக்கொண்டார்.

அக்டோபர் 20

மழை. வேளச்சேரிப் பாலத்தில் வண்டியை ஏற்றி நிறுத்தியவர்கள் இங்கேயும் இருக்கிறீர்கள் போல. இறக்கிக் கொண்டுவந்ததும் துணியை எடுக்காதீர்கள். முதலில் தண்ணீர், பிறகு நுரை, பிறகு தண்ணீர், கடைசியில்தான் துணி.

துணி காயாமல் நாற்றம் அடிக்கிறது என்றால் நனைந்த கனத் துணியைச் சுருட்டி வைத்திருக்கிறீர்கள். மழைக்காலத்தில் ஈரம் எடுக்கப் பெரிய 1200-ஐவிட 500 பக்கம் இரண்டு சின்னத் துணி எனக்குப் பிடிக்கிறது. மின்விசிறிக்கு அடியில் ராத்திரிக்குள் காய்ந்துவிடும். ஜூன் மாதம் ஈரத்துக்கு 600-க்கு மேலே என்று எழுதியிருந்தேன், வெயில் காலத்துக்கு அது இன்றும் அப்படியே, நவம்பருக்கு இப்படி.

நவம்பர் 17

செராமிக் கோட்டிங், அதாவது பெயின்ட்டின் மேல் இறுகி நிற்கும் பாதுகாப்புப் பூச்சு, வீட்டிலேயே போடுபவர்களுக்கு. பூசுவதற்கு, மேலே நீட்டிய இழையே இல்லாத, மெல்தோல் போன்ற துணி, 10-க்கு 10 சென்டிமீட்டர் துண்டு, நுரைக்கட்டையில் சுற்றிக்கொள்ள. மிச்சத்தை எடுக்க ஓரமில்லாத 350 பக்கம். இரண்டையும் வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கோட்டிங் துணிக்குள்ளேயே இறுகிக் கண்ணாடித் தூள் மாதிரி ஆகிவிடும், துவைத்தாலும் போகாது. அந்தத் துணியை வண்டியில் வைப்பதைவிட வெறுங்கையால் துடைக்கலாம். எனவே கோட்டிங் வேலைக்கு உங்கள் விலை உயர்ந்த கொரியத் துணியை எடுக்காதீர்கள், சுமாரான புதுத்துணி போதும், துவைத்துப் பஞ்சு நீக்கியதாக இருக்கட்டும்.

டிசம்பர் 8

கேட்டவர் தராசு வாங்கிவிட்டார், பாக்கெட் பாக்கெட்டாக நிறுத்துப் போட்டிருக்கிறார். அவர் எடுத்த மூன்றில் 340 என்று போட்டது 340-ஐ ஒட்டியே நின்றிருக்கிறது, சந்தோஷம். பெரிய எண் போட்டதுதான் இளைத்திருக்கிறது. கடைசியாக என்ன வாங்கட்டும் என்கிறார். கறுப்பு வண்டி, அடுக்குமாடி, போர் தண்ணீர், வாரம் ஒருமுறை தானே கழுவுகிறார்.

340 பக்கம் ஓரமில்லாதது ஒரு டஜன், அது கழுவவும் கதவிடுக்குக்கும். ஓரமில்லாத 400 நாலு, வாக்ஸுக்கும் ஸ்ப்ரேக்கும். முறுக்கு இழையில் 40-க்கு 60 ஒன்று, ஈரத்துக்கு. வாஃபிள் இரண்டு, கண்ணாடிக்கு, ஒன்று ஈரம் ஒன்று உலர். வேறு நிறத்தில் மலிவானது ஆறு, வீலுக்கு. நிறம் வேறாக இருப்பது அவசியம், வீட்டில் யார் எடுத்தாலும் குழம்பாது. பணம் கூட இருந்தால் அந்த நாலை எட்டாக்குங்கள், ஜிஎஸ்எம்மைக் கூட்டாதீர்கள். நடுவழியில் சுத்தமான துணி தீர்ந்துபோகும்போதுதான் எல்லோரும் அழுக்குத் துணியைத் திருப்பிப் போட்டுத் துடைக்கிறார்கள்.

டிசம்பர் 9

பழையதை என்ன செய்வது என்று கேட்ட நண்பருக்கு. பெயின்ட்டிலிருந்து இறங்கியது வண்டி உள்பக்க டாஷ்போர்டுக்கு, அங்கிருந்து வீலுக்கு, அங்கிருந்து எஞ்சின் பேக்கும் வீட்டு மின்விசிறியும். மூலையில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டால் வீல், இரண்டு கோடு போட்டால் எஞ்சின். துவைக்கும்போது இழை உதிர்ந்து சாக்கடைக்குப் போகிறது, அது பிளாஸ்டிக், எனவே தேவையில்லாமல் அடிக்கடி துவைக்காமல் அழுக்குத் துணி சேர்ந்ததும் மொத்தமாகப் போடுங்கள். சைக்கிள் செயினுக்குப் போனதை மட்டும் துவைக்கவே வேண்டாம், அந்த கிரீஸ் மெஷினில் மற்ற துணிக்கும் ஏறும்.